தளரும் புலன்களும் தாங்கும் தர்மமும்

குமரி நாட்டு ஊர் ஒன்றின் நிழல்தாங்கல். கார்த்திகை மாதத் திருஏடு வாசிப்பு நடந்துகொண்டிருக்கிறது. வாசிப்பவர் 80 வயதை எட்டிய பெரியவர். 30 வருடத்துக்கு மேலாக அந்தத் தாங்கலில் ஏடு வாசிப்பவர் அவர்தான். அகிலத்திரட்டு என்றதும் அந்த ஊர்க்காரர்களின் காதில் ஒலிப்பது அவருடைய குரல். பந்தலில் உட்கார்ந்து, கையில் புத்தகத்தை விரித்து உடன் பார்த்து வந்த வாலிபன் ஒருவன் திடுக்கிடுகிறான். பெரியவர் ஓர் அடியை விட்டுவிட்டார். சற்று நேரத்தில், வாசித்த அடியையே மறுபடியும் வாசிக்கிறார். மறுநாள் இன்னும் இரண்டு இடங்களில் அப்படி ஆகிறது. அவர் ஏட்டைப் பார்த்துத்தான் வாசிக்கிறாரா, பழகிய நினைவிலிருந்து சொல்கிறாரா என்பதே சந்தேகமாகிறது.

பணிவிடை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வாலிபர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

"பாட்டாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல்ல. அடுத்த வருசம் வேற ஆளப் பாக்கணும். ஏட்டுல ஒரு எழுத்து பிசகலாமா?" என்கிறான் ஒருவன்.

"பாட்டா இருக்கிற வரைக்கும் பாட்டாதான் வாசிக்கணும். அவரை எறக்கி விட்டா மனுசன் உடைஞ்சு போவாரு" என்கிறான் மற்றவன்.

இரண்டு பேர் சொல்வதிலும் தர்மம் இருக்கிறது. ஒருவன் ஏட்டின் பக்கம் நிற்கிறான். மற்றவன் பெரியவரின் பக்கம் நிற்கிறான். இந்த வழக்கு தாங்கலில் மட்டும் நடப்பதன்று. கணக்கு தப்பத் தொடங்கிய கடைக்காரத் தகப்பனார், அடுப்பை அணைக்க மறந்த தாயார், வழி தவறிப் போன மாமனார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் இந்த வழக்கு வந்தே தீரும். அப்போது எது தர்மம் என்று தெரிய வேண்டுமானால், முதுமை ஒரு மனிதரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பொறிகளின் தளர்ச்சி

மனித உடலை 96 தத்துவங்களாக எண்ணுவது தமிழ் மரபு. அவற்றுள் மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்து பொறிகளும் உண்டு. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கு அந்தக்கரணங்களும் உண்டு. முதுமை வெளி வாசலாகிய பொறிகளிலிருந்து தொடங்கி மெல்ல உள்ளே வருகிறது.

40 வயதைத் தாண்டும்போதே கண்ணின் வில்லை இறுகத் தொடங்கும். பக்கத்தில் உள்ள எழுத்து மங்கும். இதைத்தான் முன்னோர் வெள்ளெழுத்து என்றார்கள். பிறகு அந்த வில்லை மஞ்சளித்து, கலங்கி, கண்புரையாகிறது. கண்ணின் பாவையும் சுருங்கிப்போவதால், 60 வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வாலிபனுக்குப் போதுமான விளக்கு பெரியவருக்கு அந்தி இருட்டு. படியின் விளிம்பும் தரையும் ஒரே நிறமாக இருந்தால் அவருக்குப் படியே தெரியாது. கண் நீர் அழுத்த நோய் என்று இன்னொன்று உண்டு. அது வலியே இல்லாமல் பக்கவாட்டுப் பார்வையைத் தின்றுகொண்டு வரும். நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் நெடுங்காலம் ஆளுக்கே தெரியாது.

செவியின் தளர்ச்சி இன்னும் நுட்பமானது. உட்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. கீச்சென்ற மெல்லிய ஒலிகள் முதலில் போகும். 'ச', 'த', 'ப' போன்ற மெய்யொலிகள் மங்கி, உயிரொலிகள் மட்டும் கேட்கும். ஆகவே பேசுவது காதில் விழும், ஆனால் என்ன பேசினார்கள் என்று விளங்காது. "கேக்குது, தெளியல்ல" என்று முதியவர்கள் சொல்வது பொய்யன்று. குழந்தைகள், பெண்கள் குரல் விளங்காமல் போவதும், கனத்த ஆண்குரல் விளங்குவதும் இதனால்தான். "எம் மவன் சொன்னா மட்டும் கெழவிக்குக் கேக்கும், நாஞ் சொன்னாக் கேக்காது" என்று மருமகள் கோபப்படுகிறாளே, அந்தக் குறை கிழவியின் மனத்தில் இல்லாமல் செவியில் இருக்கலாம். கத்திப் பேசினால் சத்தம் கூடுமே தவிரத் தெளிவு கூடாது. முகத்துக்கு நேரே வந்து, வெளிச்சத்தில் நின்று, நிறுத்தி நிதானமாகப் பேசினால் விளங்கும்.

மூக்கும் நாக்கும் மெல்ல மழுங்கும். குழம்பில் உப்பில்லை என்று பெரியவர் சொல்லும்போது உப்பு சரியாகத்தான் இருக்கும். அவர் கேட்டபடியெல்லாம் போட்டுக் கொடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும். பால் கெட்டது, அடுப்பு வாயு கசிவது மூக்குக்குத் தெரியாமல் போகும். தாக உணர்வும் குறையும். உடலில் நீர் வற்றினாலும் வாய் தண்ணீர் கேட்காது. கேட்டால் கொடுப்பது என்று காத்திருக்காமல், வேளை தவறாமல் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவர்களுக்குத் தண்ணீர் தர்மம். மெய்யின் உணர்வு குறைவதால் வெந்நீரின் சூடு தாமதமாகத் தெரியும். கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற அறிவும் மங்கும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்கள் பலர் அதன் பிறகு பழையபடி எழுந்து நடப்பதில்லை.

கரணங்களின் தளர்ச்சி

பொறிகள் தளர்ந்த பிறகு உள்ளே இருப்பதும் வேகம் குறைகிறது. முகம் தெரியும், பேர் வராது. நாக்கு நுனியில் நின்று அரை மணி நேரம் கழித்துத் தானாக வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் பிடிபடாது. புதிய கைப்பேசியைப் பழக நாளாகும். இதெல்லாம் முதுமையின் இயல்பு. இதே வயதில் கற்ற சொல்லும், பட்ட அனுபவமும், ஆளை எடை போடும் பக்குவமும் பெரும்பாலும் குறையாமல் நிற்கின்றன. வாலிபன் வேகமாக யோசிக்கிறான். முதியவர் பல தடவை கண்டதை வைத்து யோசிக்கிறார். மெதுவாக வருகிற அறிவை அறிவே இல்லை என்று நினைப்பது பெரிய பிழை.

மறதி நோய் வேறு. சாப்பிட்ட சாப்பாடே நினைவில் இல்லாமல் போவது, பழகிய தெருவில் வழி தவறுவது, பணத்தின் மதிப்பு தெரியாமல் போவது, பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பது ஆகியவை முதுமையின் இயல்பு அல்ல. மூளையில் உண்டாகும் நோயின் அடையாளங்கள். அந்த நோய்களில் அதிகம் காணப்படுவதை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அலோயிஸ் அல்சைமர். அவர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அப்படிப்பட்டவரைப் பேய் பிடித்தவர் என்றோ, முன்செய்த பாவம் என்றோ பேசுவது அறியாமை. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஒரே நாளில், இரண்டு நாளில் பிதற்றத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்றோ, சளிக் காய்ச்சலோ, நீர் வற்றியதோ, உப்புச்சத்து குறைந்ததோ, புதிதாகக் கொடுத்த மருந்தோ காரணமாக இருக்கலாம். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. நெற்றியில் நாமமும் நாவில் பதமும் தருகிற திடத்தோடு, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் கொண்டு காட்டவும் வேண்டும்.

இந்த நோயிலும் ஓர் அதிசயம் காணலாம். பேரன் பேரை மறந்தவர்கள், சின்ன வயதில் பழகிய பாட்டை மறக்காமல் சொல்வார்கள். உகப்படிப்பு ஒலி கேட்டதும், அதுவரை வெறித்துப் பார்த்திருந்த பாட்டி கைகுவித்து உதடசைப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. சித்தத்தின் மேல்தட்டு இடிந்தாலும் அடித்தளம் சீக்கிரம் இடிவதில்லை.

நினைவு போனால் ஆள் போய்விட்டாரா?

இங்கேதான் கடினமான கேள்வி எழுகிறது. கண் தெரியாது, காது கேட்காது, பிள்ளையை அடையாளம் தெரியாது, அய்யாவின் பேரும் நாவில் வரவில்லை. அப்படிப்பட்டவரிடம் என்ன மீதி இருக்கிறது? "எங்கம்மா எப்பவோ போயிட்டா, இது வெறும் உடம்புதான்" என்று சிலர் வேதனையில் சொல்கிறார்கள். இது உண்மையா?

பதியிலும் தாங்கலிலும் பள்ளியறையில் சிலை இல்லை. நிலைக்கண்ணாடியும் விளக்குமே உண்டு. வழிபட வருகிறவர் கண்ணாடியின் முன் நின்று தன் உருவத்தைக் காண்கிறார். தேடி வந்த தெய்வம் உனக்குள்ளே இருக்கிறது என்பதே அந்தக் கண்ணாடி சொல்லும் பாடம். பிறவியிலேயே கண் தெரியாத ஒருவர் அந்தக் கண்ணாடியின் முன் நின்றால் அவருக்குள்ளே அய்யா இல்லையா? காணும் கண் இருந்தால்தான் உள்ளே தெய்வம் இருக்கும் என்றால், அது கண்ணின் தயவில் வாழும் தெய்வமாகிவிடும். அதுபோலவே நினைவின் தயவிலும் அது இல்லை. 20 வயதில் அந்தக் கண்ணாடியின் முன் நின்றவரும், 80 வயதில் பேரன் கைபிடித்து நிற்பவரும் ஒருவரே. அவர் தன்னை மறந்தாலும் அவருக்குள் இருப்பது அவரை மறப்பதில்லை.

தாய்க்குப் பிள்ளையைத் தெரியாவிட்டால் உறவு என்னாகும் என்றும் கேட்கலாம். பிறந்த குழந்தைக்குத் தாயின் பேர் தெரியாது, முறை தெரியாது, செய்த உதவியும் நினைவில் நிற்காது. அதற்காகத் தாய் பால் கொடுக்காமல் இருந்தாளா? ஒருவருக்கு நினைவில்லாத காலத்தில் மற்றவர் நினைவில் வைத்துச் செய்வதே உறவு. அன்று அவள் செய்தாள். இன்று முறை மாறியிருக்கிறது.

தாழ்ந்து கிடப்போரைத் தாங்குவதே தர்மம் என்பது அய்யா வழியின் உயிர்ப்பாடம். 1833-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அய்யா வைகுண்டர் வெளிப்பட்டபோது தாழக் கிடந்தவர்கள், ஊழியத்தாலும் வரியாலும் தீண்டாமையாலும் நசுக்கப்பட்டவர்கள். குனிந்த தலையில் தலைப்பாகை கட்டி நிமிரச் செய்தார் அய்யா. எல்லா மக்களும் ஒரே கிணற்றில் நீர் மொள்ள முந்திரிக்கிணறு உண்டாயிற்று. இன்று ஒவ்வொரு வீட்டிலும் தாழக் கிடப்பவர் யார் என்று தேடிப் பார்த்தால், திண்ணையிலோ பின்கட்டிலோ கட்டிலில் கிடக்கிற முதியவராகத்தான் பல இடங்களில் இருப்பார். அவருக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். பேச்சில் அவர் இல்லை. முடிவில் அவர் இல்லை. பயன் இருந்தால் மதிப்பு, பயன் தீர்ந்தால் மூலை என்ற இந்தக் கணக்கு கலியின் கணக்கு. கலி எங்கோ வெளியில் இருக்கிற அரக்கன் என்று எண்ணுகிறவர்கள், வீட்டுக்குள் போடப்படும் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

பொய்யும் மெய்யும்

இன்னொரு இக்கட்டு. கணவர் இறந்து பத்து வருடம் ஆன தாயார் தினமும் சாயங்காலம் கேட்கிறார், "அப்பா இன்னும் வரல்லியே மக்களே?" என்று. "அப்பாதான் செத்துப் போயிட்டாரே" என்று மகள் சொன்னால், அன்றுதான் கேள்விப்பட்டதுபோல அந்தத் தாய் அழுகிறார். மறுநாளும் அதே கேள்வி, அதே அழுகை. "இப்ப வந்துருவாரு" என்று சொல்வது பொய். மெய் சொல்லித் தினமும் அழவைப்பதா, பொய் சொல்லி ஆற்றுவதா?

மெய் என்பது அடித்துக் காயப்படுத்தும் கல்லாகிவிடக் கூடாது. பொய்யும் வழக்கமாகிவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே வழி உண்டு. தாயார் கேட்பது செய்தியன்று. தேடுகிற மனம் அப்படிப் பேசுகிறது. "அப்பாவைத் தேடுதாம்மா? அவரு தோட்டத்துக்குப் போனா என்னெல்லாம் கொண்டுவருவாரு?" என்று மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், அதில் பொய் இல்லை. தாயார் பழையதைச் சொல்லிச் சொல்லி ஆறுகிறார். கேள்வியின் பின்னால் இருக்கிற ஏக்கத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மறதியுள்ளவரிடம் சொல்லும் சொல்லைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: இது யாருக்காகச் சொல்லப்படுகிறது? அவர் மனம் ஆறுவதற்கா, சொல்பவருடைய ஆதாயத்துக்கா? ஆஸ்பத்திரிக்கு என்று அழைத்துப் போய்ப் பத்திர ஆபீஸில் கைநாட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது கலியின் கைவேலை. 2007-ஆம் ஆண்டில் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காதபோது ரத்துசெய்யவும் அச்சட்டத்தில் இடமுண்டு. 14567 என்ற எண்ணில் முதியோருக்கான உதவி கிடைக்கிறது. ஆனால் சட்டத்தால் பணத்தை வாங்கித்தர முடியும். பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. அதற்குத் தர்மம் வேண்டும்.

சுமையைப் பங்கிடுதல்

தர்மம் பேசும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. பல வீடுகளில் முதியவரின் பாரம் முழுவதும் ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. மகளோ மருமகளோ இரவு நாலு முறை எழுந்து, துணி மாற்றி, கழுவித் துடைத்து, மறுபடி அடுப்படிக்குப் போகிறாள். ஒருநாள் சலித்துக் கடிந்துவிட்டால் ஊரே அவளைப் பழிக்கிறது. பழிப்பவர்கள் ஒரு மணி நேரம் வந்து அந்தக் கட்டில் பக்கத்தில் இருந்ததில்லை. தாய் தகப்பனைத் தெய்வமாகப் பேசிவிட்டு வேலையை மனைவியிடம் தள்ளுகிற மகனின் பேச்சு தர்மத்தில் சேராது. உடன்பிறந்தவர்கள் முறைவைத்து வரவேண்டும். தாங்கலில் கூடும் அன்புக்கொடி மக்கள், இனிமம் வாங்கிப் போகும்போது அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்தப் பெண்ணைத் தூங்கவிட்டால் அது அன்னதானத்துக்குக் குறைந்ததன்று.

தாங்குவது என்றால் எல்லாவற்றையும் பறித்துச் செய்துவிடுவது என்றும் பொருளாகாது. நேரமாகிறது என்று பெரியவரின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டால், சில மாதத்தில் அவருக்குப் பொத்தான் போடவே வராது. கணக்கு பார்ப்பது, மருந்தை வேளைக்கு எடுப்பது போன்றவை முதலில் தளரும். குளிப்பது, உடுத்துவது, உண்பது கடைசியில் தளரும். முடியாததில் மட்டும் கைகொடுத்து, முடிவதை அவரிடமே விட்டுவைப்பது நல்லது. படி விளிம்பில் வெள்ளைக்கோடு, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, ராத்திரி எரிய ஒரு சிறு விளக்கு. செலவு கொஞ்சம்தான். ஒரு மனிதர் தன் காலில் நடக்கும் காலத்தை அவை நீட்டிவைக்கும்.

முதியவரின் தர்மம்

தர்மம் இளையவருக்கு மட்டும் இல்லை. ஏடு வாசித்த பெரியவர் தன் கண் மங்கியதை ஏன் சொல்லவில்லை? சொன்னால் இடம் போய்விடும் என்ற பயம். காது கேட்காததை மறைத்துத் தலையாட்டுபவரும், கைத்தடி பிடிக்க வெட்கப்படுபவரும், கண்புரை அறுவைக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் செய்பவரும் அந்தப் பயத்தில்தான் இருக்கிறார்கள். பொறிகள் ஐந்தும் தளர்ந்தாலும் நான்காம் கரணமாகிய அகங்காரம் மட்டும் கடைசிவரை தளராமல் நிற்கிறது. "எனக்கு இனி இது முடியல்ல மக்களே" என்று சொல்வதற்கு எந்த வாலிபத்திலும் தேவைப்படாத துணிவு வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அவமானம் வராது என்ற நம்பிக்கையை இளையவர்கள் முதலில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சொல்லுவார்கள்.

அந்தத் தாங்கலில் வழக்கு இப்படித் தீர்ந்தால் ஏட்டுக்கும் நல்லது, பெரியவருக்கும் நல்லது. வாலிபர்கள் கூட்டம் போட்டு முடிவெடுப்பதற்கு முன், ஒருவன் தனியே போய், காலடியில் உட்கார்ந்து, "பாட்டா, கண்ணைக் காட்டிட்டு வருவோம்" என்று அழைக்கவேண்டும். கண்புரைதான் என்றால் சிறிய அறுவையில் பார்வை திரும்பும். அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணமில்லை. கண் திரும்பாது என்றால், அடுத்த வாசிப்பில் இளையவன் ஏட்டைப் பார்த்து அடிகளைப் பிழையில்லாமல் வாசிக்க, பெரியவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கம் சொல்லட்டும். எழுத்தைக் காண இளங்கண் போதும். அந்த எழுத்தோடு 30 வருடம் வாழ்ந்து கண்ட பொருள் பெரியவரிடம் மட்டுமே இருக்கிறது. பார்வை போன ஒருவரிடமிருந்து வாசிப்பை மட்டும் எடுத்து, ஆசனத்தை அவருக்கே விட்டுவைத்தால், ஏட்டில் ஓர் எழுத்தும் பிசகாது. மனிதரும் உடையமாட்டார்.

நிழல்தாங்கல் என்ற பேரிலேயே தாங்குதல் இருக்கிறது. வெயிலில் வந்தவருக்கு நிழலாகவும், தளர்ந்து வந்தவருக்குத் தாங்கலாகவும் இருக்கவேண்டிய இடம் அது. கை நடுங்கித் தலைப்பாகை கட்டமுடியாமல் போன பெரியவருக்குப் பேரன் கட்டிவிடுகிற வீடு எதுவோ, அந்த வீடும் ஒரு நிழல்தாங்கலே.

அய்யா உண்டு.